ஆடைக்கும் ஒரு கணக்கு உண்டு

மனிதனை அளவுக்குள் நிறுத்துவது எது? சர்க்காரின் சட்டமா? கையிருப்பின் பற்றாக்குறையா? அல்லது உள்ளத்தில் உறையும் இறையச்சமா? இந்தக் கேள்விக்கு உணவை வைத்து விடை தேடியவர்கள் பலர். ஆடையை வைத்துத் தேடினால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும். ஏனெனில், பசிக்கு ஓர் எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் கை தானாக நின்றுவிடும். பீரோவுக்கு அப்படி ஒரு வயிறு இல்லை.

2015ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. மன்னர்களின் பட்டும் பீதாம்பரமும் அங்கே முக்கியப் பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, துணி அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், சாமான்ய மக்கள் எதை உடுத்தார்கள், கிழிந்ததை எப்படித் தைத்தார்கள், பழையதை எப்படிப் புதிதாக்கினார்கள் என்பதுதான் அதன் பொருள். போர் முடிந்து 70 ஆண்டுகள் கழிந்த பின், மக்கள் அந்தப் பழைய துணிகளைக் காணச் சென்றார்கள். அந்தத் துணிகளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு நமக்கும் பாடம் சொல்லக் கூடியது.

அளந்து கொடுத்த காலம்

பிரிட்டனில் துணிக்கான பங்கீடு 1941 ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகளுக்கு விடுமுறை. முன்கூட்டியே தெரிந்தால் வசதியுள்ளவர்கள் ஓடிச் சென்று வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்பதால் செய்தியை அதுவரை இரகசியமாக வைத்திருந்தார்கள். துணிக்கென்று தனிக் கூப்பன் அச்சடித்தால் இரகசியம் வெளியாகிவிடும் என்று, உணவுப் புத்தகத்திலிருந்த மார்ஜரின் கூப்பன்களையே தொடக்கத்தில் துணிக்கும் செல்லும்படி ஆக்கினார்கள். மனித மனத்தின் பேராசையை அந்த அரசாங்கம் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தது!

முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஆண்கள் கோட்டும் கால்சட்டையும் உள்சட்டையும் சேர்ந்த ஒரு முழு உடுப்பு எடுத்தால் அதில் 26 போய்விடும். கம்பளியால் ஆன பெண்கள் கவுன் ஒன்றுக்கு 11. பின்னர் இந்த அளவும் குறைந்துகொண்டே வந்தது. கால்சட்டையின் அடியில் துணியை மடித்துத் தைப்பதுகூட வீண் என்று தடுக்கப்பட்டது. போர் 1945இல் முடிந்தும் துணிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. 1947இல் அந்நாட்டு மன்னரின் மகளுக்குத் திருமணம் நடந்தபோதுகூட, மணப்பெண்ணின் ஆடைக்குக் கூப்பன் கணக்குப் பார்க்கப்பட்டது. ஆனால் அவருக்கு அதிகப்படியாக 200 கூப்பன்கள் வழங்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் நிலைமை இதைவிடக் கடுமையானது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. தென்னாட்டுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஜப்பான் துணியின் வரவும் நின்றது. இங்கிலாந்துத் துணியும் சுருங்கியது. நம் நாட்டு மில்களின் நெசவில் பெரும்பங்கு இராணுவத்துக்குப் போயிற்று. மில் நூலையே நம்பியிருந்த கைத்தறிகள் நூலின்றித் தவித்தன. விலை பல மடங்கு ஏறியது. 1943 ஜூனில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணியின் மீதே விலையை முத்திரையிட வேண்டும், குறித்த காலத்துக்கு மேல் சரக்கைத் தேக்கி வைக்கக் கூடாது என்று விதிகள் வந்தன. ‘கண்ட்ரோல் துணி’ என்ற சொல் தமிழில் நுழைந்தது அந்நாட்களில்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பரங்கிப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம் அது. இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகத் துணி ஏற்றி, அச்சையிலும் மலாய் நாட்டிலும் விற்று வந்தவர்கள் நம் மரக்காயர்களும் மாலுமிகளும். பழவேற்காட்டின் பெயரால் இன்றும் மலாய் மக்கள் தங்கள் கைலிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கீழ்த்திசைக்கெல்லாம் உடுத்தக் கொடுத்த கரை இது! அந்தக் கரையும் துணிக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது. அதே ஆண்டுகளில், ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவில் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியவர்கள் இருந்தார்கள். செல்வம் ஓர் இடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வங்காளத்திலோ 1943இல் பஞ்சம் ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைக் குடித்தது. தப்பிப் பிழைத்தவர்களை அடுத்துத் துணிப் பஞ்சம் பிடித்தது. 1945இல் அங்கே உடுத்த ஒரு முழுச் சேலையின்றி வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்த பெண்கள் இருந்தார்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

கூப்பனால் முடியாதது

பங்கீட்டுச் சட்டம் நல்ல சட்டமே. பற்றாக்குறைக் காலத்தில் வலியவன் எளியவனின் பங்கைப் பறிக்காமல் தடுப்பது ஆட்சியின் கடமை. ஆயினும் சட்டத்தின் கை எட்டாத இடங்கள் சில உண்டு.

ஒன்று: கூப்பன் எல்லோருக்கும் சமமாக இருந்தது, பீரோ சமமாக இல்லை. போருக்கு முன்பே இருபது உடுப்பு வைத்திருந்தவருக்கும் இரண்டே உடுப்பு வைத்திருந்தவருக்கும் ஒரே எண்ணிக்கைதான். விலை உயர்ந்த கோட்டுக்கும் மட்டமான கோட்டுக்கும் ஒரே கூப்பன். முன்னது பத்தாண்டு உழைக்கும். பின்னது இரண்டாண்டில் நைந்துபோகும். கையில் காசில்லாத ஏழை தன் கூப்பனையே பணக்காரனுக்கு விற்றதும் உண்டு. விலை கட்டுப்படுத்தப்பட்ட எளிய ஆடைகளைத் தயாரிக்கச் செய்து இக்குறையை ஓரளவு சரிக்கட்ட அந்த அரசாங்கம் முயன்றது, முழுவதும் முடியவில்லை.

இரண்டு: சட்டம் கடை வாசலில் நிற்கும், உள் அறையில் நிற்காது. முத்திரை குத்திய துணி முன்பக்கத்திலும் முத்திரையில்லாத பேரம் பின்பக்கத்திலும் நடந்தால் யார் பார்ப்பது? ‘கள்ளச் சந்தை’ என்ற சொல்லும் ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லும் நம் நாட்டில் இரட்டைப் பிள்ளைகளாகவே வளர்ந்தன.

மூன்று: சட்டம் ஒரு நாள் விலகிவிடும். இந்தியாவில் 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சுதந்திர நாட்டில் வணிகர் தாமே நேர்மை காப்பர் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. நடந்தது என்ன? விலை தாவி ஏறியது. அதே ஆண்டிலேயே மீண்டும் கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கயிறு அவிழ்ந்தவுடன் ஓடுகிற மாட்டைப் பழக்கப்பட்ட மாடு என்று யாரும் சொல்வதில்லை.

மதீனாவின் பங்கீடு

இப்போது நாம் மதீனாவுக்குத் திரும்புவோம். ஆடைப் பற்றாக்குறையும் போரும் அங்கேயும் இருந்தன.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, உஹது மலையடிவாரம். ஷஹீதானவர்களுக்குக் கபனிடத் துணி போதவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரே துணியில் இருவரைச் சேர்த்துப் போர்த்தச் செய்தார்கள். இவ்விருவரில் குர்ஆனை அதிகம் அறிந்தவர் யார் என்று கேட்டு, அவரையே கப்ரில் முன்னால் வைத்தார்கள். (புகாரி) அங்கே முதன்மை கிடைத்தது கல்விக்கு. குலத்துக்கோ பொருளுக்கோ அல்ல.

அந்த ஷஹீதுகளில் ஒருவர் ஹஜ்ரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்து, நேர்த்தியான ஆடை உடுத்தும் இளைஞர் என்று பெயர் பெற்றவர்கள். அவர்கள் விட்டுச் சென்றது ஒரே ஒரு கோடு போட்ட போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, காலின் மீது இத்கிர் புல்லைப் பரப்பும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். (புகாரி) பல ஆண்டுகள் சென்றபின், பெருஞ்செல்வரான ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நோன்பு நோற்றிருந்த ஒரு நாளில் உணவு கொண்டுவரப்பட்டது. அந்தப் புல் மூடிய கால்கள் அவர்களுக்கு நினைவு வந்தன. தம் நன்மைகளின் கூலி இவ்வுலகிலேயே கொடுத்து முடிக்கப்பட்டதோ என்று அஞ்சி அழுதார்கள், உணவை விட்டுவிட்டார்கள். அவர்கள் செல்வத்தை வெறுத்தவர்கள் அல்லர். செல்வத்துக்கு நடுவில் கணக்கை மறக்காதவர்கள்.

இன்னொரு நிகழ்ச்சி. ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 300 பேர் கொண்ட படை கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டது. வழியில் உணவு தீர்ந்துகொண்டு வந்தது. தலைவர் படையினர் ஒவ்வொருவரிடமும் இருந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்ந்தது இரண்டு பை பேரீத்தம்பழம். அதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பங்கிட்டார்கள். இறுதியில் ஆளுக்கு ஒரு பழம் என்றாயிற்று. அந்த ஒரு பழத்தால் என்ன பயன் என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, அதுவும் இல்லாமற் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது என்று அந்தப் படையிலிருந்த ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் கூறினார்கள். (புகாரி)

இந்தப் பங்கீட்டுக்கும் கூப்பன் பங்கீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கூப்பன், இனி வாங்கப் போவதை அளந்தது. அபூ உபைதா (ரலி) அவர்கள் ஏற்கனவே கையில் இருப்பதை ஒன்று சேர்த்தார்கள். முன்னதில் பழைய பீரோ தப்பித்துக்கொண்டது. பின்னதில் யாருடைய பையும் தப்பவில்லை. தலைவரின் பையும் தப்பவில்லை.

தடை நீங்கிய மறு ஆண்டு

கட்டுப்பாடு நீங்கிய பிறகு என்ன செய்வது என்பதற்கும் நம் மார்க்கத்தில் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளின்போது, குர்பானி இறைச்சியில் எதையும் மூன்று நாட்களுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடை விதித்தார்கள். மறு ஆண்டு வந்தது. சென்ற ஆண்டு செய்தது போலவே செய்ய வேண்டுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். மக்கள் கஷ்டத்தில் இருந்ததால், அவர்களுக்கு உதவ வேண்டுமென்றே அவ்வாறு கூறியதாகவும், இப்போது உண்ணலாம், பிறருக்கு உண்ணக் கொடுக்கலாம், சேமித்தும் வைக்கலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். (புகாரி)

சகோதரர்களே! இந்த ஹதீதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, தேவை வந்தால் ஹலாலான பொருளுக்கும் அளவு விதிக்கலாம். அது கொடுமை ஆகாது. இரண்டாவது, தடை நீங்கியபோதும் நடுவிலுள்ள ஒரு சொல் நீங்கவில்லை. உண்பதற்கும் சேமிப்பதற்கும் இடையே, உண்ணக் கொடுப்பது நிற்கிறது. நெருக்கடியான ஆண்டில் அதைக் கட்டளை காத்தது. செழிப்பான ஆண்டில் அதை மனம் காக்க வேண்டும். 1948இல் கட்டுப்பாடு நீங்கியபோது துணிச் சந்தையில் இல்லாமற் போனது இந்த நடுச் சொல்தான்.

பதுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. பதுக்கி வைப்பவன் பாவி என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. (முஸ்லிம்) இது உணவுப் பொருளுக்கு மட்டும்தானா, துணிக்கும் உண்டா? ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் பொதுவாக இதை உணவோடு நிறுத்துகின்றன. ஹனபி மத்ஹபின் இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்களோ, எந்தப் பொருளைத் தேக்கி வைத்தால் பொதுமக்களுக்குத் துன்பம் நேருமோ அதுவெல்லாம் பதுக்கலே என்றார்கள். சட்டத்தின் எல்லையைப் பற்றி ஆலிம்கள் பேசட்டும். ஆனால், பக்கத்துத் தெருவில் ஒரு ஜனாஸா துணிக்குக் காத்திருக்க, விலை ஏறட்டும் என்று கடையின் பின்னறையில் மல்லுப் பீஸைப் பூட்டி வைத்திருப்பவர், உணவுக்கு மட்டும்தானே தடை என்று தம் மனச்சாட்சியிடம் சொல்லித் தப்ப முடியுமா? பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற பொது விதி எந்த மத்ஹபிலும் விலக்கப்படவில்லையே!

அழகு பாவமா?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். நல்ல ஆடை உடுத்துவது குற்றமா? கந்தலும் ஒட்டுமே பக்தியின் அடையாளமா?

இல்லை. தொழும் இடங்களிலெல்லாம் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளும்படி திருமறை ஆதமுடைய மக்களுக்குக் கூறுகிறது. அல்லாஹ் தன் அடியார்களுக்கு வெளிப்படுத்திய அலங்காரத்தை யார் தடுப்பது என்றும் கேட்கிறது. (7:31, 32) அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. (முஸ்லிம்) வசதி இருந்தும் வேண்டுமென்றே அலங்கோலமாகத் திரிவது தக்வா ஆகாது. போர்க்காலத்து ஒட்டுத் துணியை இன்று உடுத்திக்கொண்டு நடந்தால் நாம் நல்லவர்களாகிவிட மாட்டோம்.

ஆனால் அலங்காரத்தை அனுமதித்த அதே வசனம்தான் வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் முடிவு கட்டுகிறது. அனுமதிக்கும் எல்லைக்கும் இடையே ஒரு மூச்சுதான் இடைவெளி! ஆடையின் விலை மட்டும் அந்த எல்லையைக் காட்டாது. நம் செல்வத்தில் கேட்பவருக்கும், கேட்க வாயற்றவருக்கும் உரிமை உண்டு என்று திருமறை கூறுகிறது. (51:19) அந்த உரிமையைக் கொடுத்த பின் உடுத்தும் பட்டு அலங்காரம். அதை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டு உடுத்தும் நூல் சேலையும் கணக்குக்குரியதே.

வங்காளத்தில் சேலையின்றி வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களை நினைவில் வைக்கச் சொன்னேன். மதீனாவிலும் அப்படி ஒரு பெண் இருந்தாள். இரு பெருநாட்களிலும் பெண்கள் அனைவரும் தொழுகைத் திடலுக்கு வர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது, எங்களில் ஒருத்திக்கு மேலே போர்த்திக்கொள்ள ஆடை இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. நம் ஊர்களில் நம் தாய்மார் போர்த்தி வந்த துப்பட்டி போன்ற ஆடை அது. ஆடை இல்லாதவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. அவளுடைய தோழி தன் ஆடையிலிருந்து அவளுக்கும் உடுத்தக் கொடுக்கட்டும் என்றார்கள். (புகாரி, முஸ்லிம்) இல்லாதவளின் பிரச்சினையை இருப்பவளின் கடமையாக மாற்றிவிட்டார்கள்!

இந்த ஹதீதை நம் பெருநாட்களின் மீது வைத்துப் பாருங்கள். சிதம்பரத்திலோ புவனகிரியிலோ லால்பேட்டையிலோ, ரமலான் கடைசிப் பத்தில் ஜவுளிக்கடைகளில் நெரிசல் தாங்காது. இரவுத் தொழுகைக்கென்று வந்த இரவுகள் ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் தேடுவதில் கழிகின்றன. ஒரு குழந்தைக்கு மூன்று உடுப்பு. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, மறுநாளைக்கு ஒன்று. அதே தெருவில், பழைய உடையோடு எப்படிப் போவது என்று சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுகிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் யாரிடமும் கேட்க மாட்டாள். திருமறை சொன்ன கேட்க வாயற்றவர் அவளே. அவள் வீட்டிலேயே தங்கிவிடக் காரணம் ஜப்பானியப் படையும் அல்ல, நூல் பஞ்சமும் அல்ல. கடையில் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. அப்படியானால் யார் காரணம்?

சரி, பழைய துணி கொடுக்கிறோமே என்பார் சிலர். பொத்தான் போனது, சாயம் போனது, நமக்கே வேண்டாமென்று ஆனது. அதைப் பொட்டலமாகக் கட்டி ஏழைக்குக் கொடுத்துவிட்டு ஸதகா என்று எழுதிக்கொள்கிறோம். நமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாது நாமே வாங்காத மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்று இறைவன் எச்சரிக்கிறான். (2:267) கொடுப்பதற்கு முன் அந்தத் துணியைத் துவைத்து, தைத்து, மடித்து, நம் பிள்ளைக்கு உடுத்தினால் மனம் ஒப்புமா என்று பார்த்துக் கொடுப்போமே. இலண்டன் கண்காட்சி சொல்லும் தையல் பாடம் நமக்குப் பயன்படும் இடம் இதுதான்.

முளர் கோத்திரத்தார் உடுக்க ஆடையின்றி, கம்பளித் துண்டில் கழுத்துக்குத் துளையிட்டு மாட்டிக்கொண்டு மதீனாவுக்கு வந்தபோது, நபி (ஸல்) அவர்களின் திருமுகம் வாடிற்று. மக்களைத் தொழுகைக்குக் கூட்டி உரை நிகழ்த்தினார்கள். அன்ஸாரி ஒருவர் கை தாங்காத ஒரு பையைத் தூக்கி வந்தார். பின்னர் ஒருவர்பின் ஒருவராக வந்து, உணவு ஒரு குவியலும் ஆடை ஒரு குவியலுமாக உயர்ந்தன. அப்போது அந்தத் திருமுகம் பொன்போல் ஒளிர்ந்தது. (முஸ்லிம்) அங்கே யாருக்கும் கூப்பன் இல்லை. முத்திரை இல்லை. இன்ஸ்பெக்டர் இல்லை.

நமக்கு நாமே

சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீட்டை 1952 ஜூனில் இராஜாஜி அரசாங்கம் நீக்கியது. பிற்காலத்தில் ரேஷன் கடைகள் வேறு வடிவில் வளர்ந்தன. 1983 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி ஏழைகளுக்கு வேட்டியும் சேலையும் இலவசமாக வழங்கும் திட்டமும் வந்தது. அரசாங்கம் தன்னால் ஆனதைச் செய்யும். ஆனால், ‘உன் பீரோவில் எத்தனை இருக்கிறது?’ என்று எந்த அரசாங்கமும் இன்று நம்மைக் கேட்காது. அந்தக் கேள்வி நாளைக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது. பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்று கியாமத்து நாளில் கேட்கப்படும்போது, கடைச் சீட்டு நம் கையில் இராது.

ஆகவே குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பெருநாளுக்குத் துணி எடுக்கும் முன் பீரோவைத் திறந்து இருப்பதை எண்ணுவோம். நம் பிள்ளைகளுக்கு எடுக்கும் அதே கடையில், அதே தரத்தில், ஒரு வறிய வீட்டுப் பிள்ளைக்கும் எடுப்போம். அதை இருபத்தேழாம் கிழமைக்கு முன்பே சேர்ப்பிப்போம். தைக்க நேரம் வேண்டாமா? கொடுப்பது யாரென்று தெருவுக்குத் தெரியாமல் கொடுப்போம். கல்யாணத்துக்குக் கடன் வாங்கிப் பட்டெடுக்கும் வழக்கத்தை வசதியுள்ள வீடுகளே முதலில் நிறுத்தினால், வசதியில்லாத வீடுகள் தாமே மூச்சு விடும். சட்டம் அளந்தபோது கட்டுப்பட்டவர்கள், அல்லாஹ் அளவின்றிக் கொடுக்கும்போதும் அளவறிந்து நிற்பதே நன்றி.

ஆடைகளையெல்லாம் குறிப்பிட்ட பின், தக்வா என்னும் ஆடையே மேலானது என்று திருமறை முடிக்கிறது. (7:26) அந்த ஆடைக்குக் கூப்பன் தேவையில்லை. அது எந்தப் பஞ்சத்திலும் தட்டுப்படுவதில்லை. வல்ல நாயன் நம் அனைவருக்கும் அதை உடுத்தி, இவ்வுலக ஆடையிலும் பிறர் ஹக்கைப் பேணி நடக்கத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.